கிராம சபையும் நம் சங்க அங்கத்தினரும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மகாசபை கூடியிருக்கிறது என்று கொள்வோம். நூல் கொள்முதல் இவ்வளவு, கூலிப் பட்டுவாடா இவ்வளவு, கையிருப்புச் சரக்கு இவ்வளவு என்று வரவு செலவு வாசிக்கப்படுகிறது. பின்வரிசையிலிருந்து ஓர் அங்கத்தினர் எழுந்து, "சென்ற ஆண்டைவிட வண்டி வாடகை இத்தனை கூடியது ஏன்?" என்று கேட்கிறார். நிர்வாகிகள் விடை சொல்கிறார்கள். விடை போதாவிட்டால் இன்னொருவர் எழுகிறார். இதில் யாரும் வியப்படைவதில்லை. பங்குப் பணம் செலுத்தியவர் கணக்குக் கேட்பது இயல்பே என்பது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட பழக்கம்.

அதே அங்கத்தினர் தம் ஊர்க் கிராம சபைக்குச் செல்வதுண்டா? சென்றால் கேள்வி கேட்பதுண்டா? குழாயில் நீர் வாராமையைக் குறித்தும், கண்மாய் தூர்ந்து கிடப்பதைக் குறித்தும் தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் பேசும் நம்மில் பலர், அவற்றைப் பேசுவதற்கென்றே சட்டம் வகுத்துக் கொடுத்த இடத்திற்கு மட்டும் செல்வதில்லை. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் வட்டாரத்தின் விவசாயிகளையும் நெசவாளர்களையும் மனத்தில் கொண்டு இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கிராம சபை என்பது யாது? ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் சேர்ந்ததே கிராம சபை. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதன் கடமைகளை வகுத்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் சபை கூடி வந்தது. 2022-இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆயின. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருக்க வேண்டும் என்பது விதி. நம் சங்கங்களின் மகாசபைக்குக் குறைவெண் இருப்பது போன்றதே இது.

கணக்கைப் பொதுவில் வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை யாவரும் கேள்விப்பட்டிருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. குடவோலை முறையைப் புகழ்ந்து பேசும் நாம், அங்கே எழுதியுள்ள தகுதிக் குறைவுகளை அவ்வளவாக நினைப்பதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது; அவனுடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. ஆயினும் அந்தச் சபை நிலமும் கல்வியும் உடைய ஒரு வகுப்பாரின் சபையே. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. இன்றைய கிராம சபையில் 18 வயது நிரம்பிய வாக்காளர் எவரும் அமரலாம். முன்னோர் பெற்றிராத உரிமையை நாம் பெற்றிருக்கிறோம். அதைப் பயன்படுத்துவதில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், பஞ்சாயத்து யூனியன்களை அமைத்துப் பள்ளிக்கூடங்களையும் கிணறுகளையும் கிராமச் சாலைகளையும் அவற்றின் பொறுப்பில் விட்டது. அந்த ஏற்பாடு இடையறாது நடந்திருந்தால் நம் ஊர்களின் நிலையே வேறாக இருந்திருக்கும். ஆனால் 1970-இல் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பின் 1986-இல்தான் அடுத்த தேர்தல் நடந்தது. அதன் பின் 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. 2016-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அவ்வாறு பொறுப்பேற்றவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிவுற, விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிப் பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடியலாம். தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத காலம் வரலாம். கிராம சபைக்கோ பதவிக்காலம் என்பதே இல்லை. வாக்காளர் இருக்கும் வரை சபையும் இருக்கும். தேர்ந்தெடுத்த தலைவர் இருக்கும்போது வழியில் நிறுத்தியாவது ஒரு வார்த்தை கேட்கலாம். அவரும் இல்லாத காலத்தில் ஊரார் கேள்வி கேட்பதற்கு எஞ்சி நிற்கும் இடம் இது ஒன்றே. ஆகவே தேர்தல் தள்ளிப்போகும் காலங்களில் கிராம சபைக்குச் செல்வது முன்னிலும் அவசியமாகிறது.

சென்று எதைக் கேட்பது? முதலாவது கணக்கு. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மூன்று வங்கிக் கணக்குகள் இருப்பது வழக்கம். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் முதலிய பொது வரவுக்கு ஒன்று; மின் கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குரிய கட்டணமும் செலுத்துவதற்கு ஒன்று; அரசின் திட்டப் பணத்திற்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் சென்ற கூட்டம் முதல் இக்கூட்டம் வரை வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, எவருக்குப் போனது என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சங்கத்தின் ஐந்தொகையைப் புரிந்துகொள்ளும் நமக்கு இது கடினமன்று.

இரண்டாவது நீர். கரிசல் காட்டில் கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. நம் ஊர்க் கண்மாய் எதில் சேரும் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மடை பழுது, கலுங்கு எந்நிலையில் உள்ளது, சீமைக் கருவேலம் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று இடம் சுட்டிக் கேட்க வேண்டும். "கண்மாயைச் சீர்படுத்த வேண்டும்" என்று பொதுப்படத் தீர்மானம் எழுதினால் அது நோட்டிலேயே உறங்கும். மடையின் பெயரைச் சொல்லி எழுதினால் விடை சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது இவ்வட்டாரத்திற்கே உரிய கேள்வி. இந்த ஆலங்குளம், தென்காசிப் பக்கத்து ஆலங்குளமன்று, சுண்ணாம்புக்கல் பூமி. 1970-இல் இங்கே அரசுச் சிமெண்ட் ஆலை தொடங்கப்பெற்றது. 1976-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கீழ் அது வந்தது. 2015-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத் திருத்தப்படி, சுரங்கக் குத்தகைதாரர்கள் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிப்புறும் ஊர்களின் நலத்துக்கே அப்பணம் உரியது. குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவை அதில் முன்னிற்பவை. கல் வெட்டும் குழிக்கு அருகே வாழும் ஊரார், அந்நிதியிலிருந்து தங்கள் ஊருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். இன்னது வேண்டும் என்று தீர்மானமும் இயற்றலாம். உரிமம் இன்றி வீடுகளில் பட்டாசு செய்வதால் நேரும் ஆபத்தைத் தடுக்கக் கோரும் தீர்மானமும் இவ்வட்டாரச் சபைகளில் இடம்பெற வேண்டிய ஒன்றே.

கேட்பதனால் என்ன விளையும் என்று ஐயுறுவோர் கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியை நோக்கலாம். நீலகிரி அடிவாரத்திலுள்ள அவ்வூராட்சி, குடிநீர் இறைப்பதற்கும் தெரு விளக்குக்கும் ஆகும் மின் கட்டணம் தன் வருவாயை விழுங்குவதைக் கணக்கிட்டுப் பார்த்தது. 2006-இல் ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு; மற்றது வங்கிக் கடன். தன் தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை மின் வாரியத்திற்கு விற்றது. எல்லா ஊரும் காற்றாலை வாங்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. மின் கட்டணம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்த இடத்திலிருந்தே அவ்வூரின் முன்னேற்றம் தொடங்கியது என்பதே நாம் கருத வேண்டுவது. சேமிப்பும், கடனும், தவணையும், வருவாயும் நம் சங்கங்கள் நாளும் கையாளும் விஷயங்கள் அல்லவா?

சபை கூடினால் போதாது. எல்லோரும் கூடினால்தான் அது சபை. இதை மறந்த காலத்தின் கதையும் நம் மாவட்டத்தில் உண்டு. 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கென்று தலைவர் பதவி ஒதுக்கப்பட்டபோது, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் ஆதிக்கம் உடையோர் அதனை ஏற்க மறுத்தனர். வேட்பு மனு இல்லாமலும், வென்றவர் உடனே பதவி விலகியும் 10 ஆண்டுகள் அப்பதவிகள் வெறுமையாய்க் கிடந்தன. 2006-இல்தான் நிலை மாறித் தலைவர்கள் பொறுப்பேற்றனர். 2021 அக்டோபர் 2-ஆம் நாள் பாப்பாபட்டியில் கூடிய கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். ஒரு தெருவாரை ஒதுக்கி வைத்த ஊர், தன் சாலையையும் விளக்கையும்கூடத் தனக்கே மறுத்துக்கொள்கிறது. பெண்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். உள்ளாட்சிப் பதவிகளில் அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்காயிருந்த ஒதுக்கீடு 2016-இல் பாதியாக உயர்ந்தது. ஆனால் சபையில் அவர்கள் ஓரத்தில் அமர்ந்து கையெழுத்திட்டு எழுந்து போவதாயின் அதனால் பயன் சிறிதே. குடம் தூக்குகிறவருக்கே குழாயின் குறை தெரியும்.

இனி, நம் சங்கங்கள் செய்யக்கூடியது யாது? கட்சியோ வகுப்போ பாராமல் அங்கத்தினரைச் சேர்த்து உட்கார வைக்கும் இடம் சங்கத்துக்கு இருக்கிறது. கணக்குப் படிக்கும் பழக்கமும் இருக்கிறது. ஆகவே கிராம சபைக்கு முன் ஒரு மாலை அங்கத்தினர் கூடி, அவ்வூருக்குத் தலையான தேவைகள் இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்து மனுவாக எழுதி, முன்னதாகவே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறலாம். நான்கு கூட்டங்கள் விடுமுறை நாட்களிலேயே நடப்பதால் தறிக்காரருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருவதற்கு இடையூறு குறைவு. மற்ற இரண்டு நாட்களில் வீட்டுக்கு ஒருவரேனும் செல்லலாம்.

கூட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தீர்மானம் எழுதி முடித்து, உரக்க வாசித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து இடுவது, நிரப்பாத வவுச்சரில் கையெழுத்து இடுவதற்கு ஒப்பாகும். சங்கத்தில் நாம் அதைச் செய்யத் துணிவோமா? தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கிச் சங்க அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைத்தல் நன்று. அடுத்த கூட்டத்தில் எழும் முதற் கேள்வி, "சென்ற தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன?" என்பதாக இருக்கட்டும். விடை கிடைக்காவிடின் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். பணிவாகக் கேட்பதும் விடாது கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

ஒரே கூட்டத்தில் கண்மாய் நிறைந்துவிடாது, சாலை முளைத்துவிடாது. நம் சங்கங்களும் ஒரே ஆண்டில் வளர்ந்தவை அல்ல. சிறு சிறு பங்குத் தொகையும், ஆண்டுதோறும் தவறாது கேட்ட கேள்விகளுமே அவற்றை வளர்த்தன. ஊராட்சிக்கு நாம் செலுத்தும் வீட்டு வரியும் ஒரு பங்குத் தொகையே. அடுத்த கிராம சபை நாளைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இன்றே எழுதி வைப்பீர்களாக. அன்று காலை அங்கத்தினர் யாவரும் குடும்பத்தோடு சென்று அமர்வீர்களாக.