எத்தனை பவுன்? யார் செய்தது?

திருமண வீட்டில் புது நகை ஒன்று கண்ணில் பட்டதும் அத்தைமார் கேட்கும் முதல் கேள்வி நமக்கெல்லாம் மனப்பாடம்: "எத்தனை பவுன்?" அடுத்து "எந்தக் கடை?", "செய்கூலி எவ்வளவு?" என்று பேச்சு நீளும். "இதைச் செய்தது யார்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் விற்ற கடைக்காரருக்கே பதில் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேட்கும் ஊர்கள் உலகில் உண்டு. பின்லாந்து வளைகுடாவின் வடகரையில் ஹெல்சிங்கி, தென்கரையில் எஸ்டோனியாவின் தலைநகர் தாலின். கப்பலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். இந்த இரு நகரங்களிலும் நகை என்பது ஓவியம், சிற்பம் போல ஒரு கலைத்துறை. கலைக்கூடத்தில் காட்சிக்கு வைப்பார்கள். பக்கத்தில் செய்தவர் பெயர் இருக்கும். எத்தனை கிராம் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது.

'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களுக்கு ஒரு தகவல். 1977ல் வெளிவந்த முதல் படத்தின் கடைசிக் காட்சியில் இளவரசி லேயா வீரர்களுக்குப் பதக்கம் அணிவிப்பார். அப்போது அவர் கழுத்தில் இருக்கும் வெள்ளி அட்டிகை படத்துக்காகச் செய்யப்பட்டது அன்று. பின்லாந்துக் கலைஞர் பியோர்ன் வெக்ஸ்ட்ரோம், லாப்போனியா நிறுவனத்துக்காக 1969ல் வடிவமைத்த நகை அது. வேற்றுக்கிரகத்தின் மேடு பள்ளங்களைப் போல அதன் பரப்பு இருக்கும். நம் கடைகளில் தங்கம் கண்ணாடிபோல் மின்னவேண்டும்; வெக்ஸ்ட்ரோமோ லாப்லாந்து ஆறுகளில் கிடைக்கும் பொன்கட்டியின் சொரசொரப்பை அப்படியே விட்டுவைத்துப் பெயர் பெற்றவர்.

எஸ்டோனியாவின் கத்ரி மால்க் (1958–2023) இன்னும் ஒரு படி மேலே போனார். தாலினில் உள்ள எஸ்டோனியக் கலைக் கழகத்தில் பல்லாண்டுகள் நகைக்கலைப் பேராசிரியராக இருந்தவர். கருப்பு நிறத்தின்மீது அவருக்குத் தனிப் பிரியம். கருங்கற்கள், மரம், ஏன், அகழெலியின் மென்மயிர்த் தோலைக்கூட அவர் நகையில் பதித்திருக்கிறார். நம் அத்தைமார் அதைத் தராசில் வைத்தால் முகம் சுளிப்பார்கள்.

உடனே "அவர்கள் கலை அறிந்தவர்கள், நாம் எடை பார்ப்பவர்கள்" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எஸ்டோனியாவின் தென்கிழக்கு மூலையில் வாழும் சேதோ இனப் பெண்கள் திருவிழா நாளில் மார்பில் கூம்பு வடிவிலான பெரிய வெள்ளி ஊசியும், வெள்ளிக் காசுகள் கோத்த சங்கிலிகளும் கிலோக் கணக்கில் அணிவார்கள். அவர்கள் வருவதைக் கண் பார்க்கும் முன்பே காது கேட்டுவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெண்ணின் சொத்து அவள் உடலோடு இருக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கும் இருந்திருக்கிறது.

நம் பாட்டிகளின் கணக்கும் அதுதான். வங்கிக் கணக்கு இல்லாத, நிலம் தன் பேரில் இல்லாத பெண்ணுக்குத் தங்கமே வங்கி. கணவருக்கு வேலை போனால், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டுமானால், ஒரு வளையலை அடகுக்கடைக்கு அனுப்பலாம். ஈசூன் நகர மையத்தில் இன்றும் அடகுக்கடைகள் ஓய்வின்றி இயங்குகின்றன. எடையைக் கேட்பது அறியாமை இல்லை. அது ஒரு பாதுகாப்புக் கணக்கு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எடை மட்டுமே மதிப்பு என்றால், வேலைப்பாட்டுக்கு என்ன ஆகும்?

பழைய நகையைக் கடையில் மாற்றும்போது நடப்பதைப் பாருங்கள். முதலில் கற்களைக் கழற்றுவார்கள். பிறகு தரம் பார்ப்பார்கள். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 கேரட்; மீதி செம்பும் வெள்ளியும். அதன்பின் எடை. நகையை வாங்கியபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் அந்த நொடியில் காணாமல் போகும். நகை உருக்குக் குடுவைக்குப் போகும். சிங்கப்பூரின் வரிவிதியும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது: முதலீட்டுத் தரமுள்ள தங்கக்கட்டிக்கு 2012 அக்டோபரிலிருந்து பொருள், சேவை வரி கிடையாது. அதே தங்கத்தை ஒருவர் உட்கார்ந்து சங்கிலியாக்கினால் 9 விழுக்காடு வரி உண்டு.

ஈசூனில் எங்கள் வீட்டிலும் இது நடந்தது. பெரியம்மாவின் சிவப்புக்கல் அட்டிகை ஒன்று இருந்தது. கொக்கி தேய்ந்துவிட்டது, யாரும் போடுவதில்லை என்று சொல்லி தேக்காவில் மாற்றி, அக்காவுக்கு ஒரு சங்கிலி வாங்கினார்கள். கணக்குப்படி நல்ல பேரம். இப்போது அந்த அட்டிகையைப் பார்க்கவேண்டுமென்றால் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் இருக்கிறது. அதிலும் பாதியை மாலை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பின்பக்கம் எப்படி இருந்தது என்று இனி யாராலும் சொல்லமுடியாது. நகைத் தொழில் தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பதே பின்பக்கத்தைத்தான்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் தலைசுற்றும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜராஜனும் அவர் அக்காள் குந்தவையும் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் அங்கே கல்லில் இருக்கிறது. எத்தனை முத்து, எத்தனை வைரம், எடை எத்தனை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று அவ்வளவு துல்லியம். கொடுத்தவர் பெயரும் தவறாமல் உண்டு. செய்த கைகளை அந்தப் பட்டியலில் தேடினால் ஏமாற்றமே. நகைகளும் இன்று இல்லை. கணக்கு மிஞ்சியிருக்கிறது, கலை மிஞ்சவில்லை.

தென்தமிழ்நாட்டுப் பாம்படத்தின் கதை இன்னும் சோகமானது. தோள்வரை தொங்கும் காதுகளில் பாட்டிமார் அணிந்த அந்தக் காதணியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். கனசதுரம், உருண்டை, கூம்பு, மெல்லிய தகடு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திய வடிவம். பூ, கொடி, மயில் எதுவும் இல்லை. இன்றைக்கு ஹெல்சிங்கிக் கலைக்கூடத்தில் வைத்தால் புதிய படைப்பு என்றே நினைப்பார்கள். மெல்லிய பொன்தகட்டை வளைத்து ஒட்டி, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்தார்கள். வளர்ந்த காதைத் தைத்துக்கொள்வது நாகரிகம் என்று ஆனபோது பாம்படங்கள் கூட்டம் கூட்டமாக உருக்குக் குடுவைக்குப் போயின. தப்பியவற்றில் சில மேலை நாட்டு அரும்பொருளகங்களில் இருக்கின்றன. செட்டிநாட்டுக் கழுத்திருவும் அப்படியே: கருப்பு நூலில் கோத்த பொன் உறுப்புகளுடன் 19ஆம் நூற்றாண்டுக் கழுத்திரு ஒன்று நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

தொலைவுக்குப் போகமுடியாதவர்கள் ஆர்மீனியன் ஸ்திரீட்டுக்குப் போகலாம். 2023ல் மீண்டும் திறக்கப்பட்ட பெரனாக்கன் அரும்பொருளகத்தில் கெபாயாவைக் கோத்துப் பிடிக்கும் 'கெரோசாங்' ஊசிகள் இருக்கின்றன. இவற்றைச் செய்தவர்களில் சீனப் பொற்கொல்லர்களோடு இந்திய, இலங்கைக் கைவினைஞர்களும் உண்டு. ஊசிக்கு உரிய குடும்பத்தைச் சொல்லமுடிகிற இடத்திலும் செய்தவரைச் சொல்வது கடினம்.

தமிழர்களில் யாருமே தட்டானின் சுத்தியலைக் கலைஞரின் கையெழுத்தாக மாற்றவில்லையா? மாற்றியிருக்கிறார்கள். 1966ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. கைவினைப் பொருள்களை விற்று வந்த வருமானத்தில் கலைஞர்கள் தங்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் தொடர்ந்தார்கள். அந்தத் தலைமுறையில் பி.வி. ஜானகிராம் (1930–1995) செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம் தெரியும் அல்லவா? தகட்டைத் தட்டித் தட்டி முகமும் மார்பும் எழுப்பும் அந்தக் கைத்திறனை அவர் செம்புத் தகட்டுக்குக் கொண்டுவந்தார். வெட்டி, தட்டி, கம்பியும் மணியும் பற்றவைத்து நிறுத்தினார். முன்னிருந்து பார்ப்பதற்கான சிற்பம் அது, கோயில் சிலையைப் பார்ப்பதுபோல. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் (1946–2017) செம்பிலும் பித்தளையிலும் அதே பாதையில் வெகுதூரம் போனார். செம்புதானே, உருக்கினால் பெரிதாக ஒன்றும் தேறாது. அதனாலேயே அவை பிழைத்தன என்றும் சொல்லலாம்!

சிங்கப்பூரில் இந்தக் கதையின் வேடிக்கையான திருப்பம் சாங்கி விமான நிலையத்தில் இருக்கிறது. பூங்காக்களில் கீழே சிதறிக் கிடக்கும் பளபளப்பான சிவப்பு விதையைப் பொறுக்கியிருப்பீர்கள். சாகா மரத்து விதை. தமிழில் மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்பார்கள். (கருப்புப் புள்ளி உள்ள குன்றிமணி வேறு, அது நச்சுள்ளது, வாயில் வைக்கவேண்டாம்.) விதைக்கு விதை எடை அதிகம் மாறாது என்பதால் பொற்கொல்லர்கள் அதைத் தராசில் எடைக்கல்லாக வைத்தார்கள். தஞ்சைக் கல்வெட்டில் வரும் மஞ்சாடியும் குன்றியும் இந்த விதைகளின் பெயர்கள்தான். நான்கு மஞ்சாடி ஏறக்குறைய ஒரு கிராம். எட்டு கிராம் பவுனுக்குச் சுமார் 32 விதை. சாகா என்ற மலாய்ப் பெயரே பொற்கொல்லரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள்.

மலேசியாவில் கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றும் குமாரி நாகப்பன், அந்த எடைக்கல்லையே கலையாக்கிவிட்டார். சாங்கி மூன்றாம் முனையத்துக்காக 2007ல் அவர் உருவாக்கிய 'சாகா' ஒற்றை விதையின் மாபெரும் வெண்கல வடிவம். தேசிய அரும்பொருளகத்தில் நிற்கும் மிளகாயும் (2006), ஆர்ச்சர்ட் ஐயான் கடைத்தொகுதிக்கு வெளியே இருக்கும் சாதிக்காயும் (2009) அவருடையவையே. உள்ளங்கையில் கால் கிராம் நிறுத்த பொருளை யாராலும் தராசில் தூக்கிவைக்க முடியாத அளவுக்கு வளர்த்திருக்கிறார். அதன் முன்னால் நின்று "எத்தனை பவுன்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எடையைப் பகைவனாகப் பார்க்கும் உலோகக் கலையும் ஈசூனிலேயே இருக்கிறது. ஈசூன் தொழிற்பேட்டைக்குள் அமைந்துள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் முதலில் கேன்பரா சாலையில், கடற்படைத் தளத்துக்கு அருகே இருந்தது. 1996லிருந்து இப்போதைய இடம். பங்குனி உத்திரத்தன்று அங்கு வரும் காவடிகளைப் பக்தியோடு பாருங்கள். கூடவே உலோக வேலையாகவும் பாருங்கள். தகட்டில் வெட்டிய மயில், வளைவு, மணி, கம்பி, வேல். தோளில் ஏற்றி நெடுந்தூரம் நடக்கவேண்டும் என்பதால் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. எஃகுக்குப் பதில் அலுமினியம், தகட்டில் துளை, சுமை இரு தோளுக்கும் சமமாக இறங்கும் வகையில் சட்டம். இவற்றை வரைவதிலும் பொருத்துவதிலும் மும்முரமாக இருப்பவர்களில் உங்கள் வயதினர் பலர். இங்கே யாரும் எத்தனை கிலோ என்று பெருமையாகக் கேட்பதில்லை. "யார் கட்டியது?" என்றுதான் கேட்கிறார்கள். பதிலும் பெயரோடு வருகிறது.

பரதம் பயில்பவர்கள் தங்கள் தலைசாமானை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி என்று நீங்கள் சூடும் இந்தக் கோயில்நகை வகைக்குப் பேர்போன இடம் நாகர்கோவிலில் உள்ள வடசேரி. கெம்புக் கல்லைச் சுற்றிப் பொன்தாளை அழுத்திப் பதிக்கும் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வார்ப்பில் எடுத்த மலிவு நகையில் எல்லாக் கல்லும் ஒரே அளவில், ஒரே வரிசையில் இருக்கும். கையால் பதித்ததில் ஒன்றிரண்டு சற்றே சாய்ந்திருக்கும்.

அடுத்தமுறை வீட்டாரோடு சிராங்கூன் சாலைக்கு நகை வாங்கப் போனால் அந்த மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். "இது கல்கத்தா வேலை", "இது கேரளா டிசைன்", "கோயம்புத்தூர் சரக்கு" என்று ஊர்ப்பெயர் ஏதாவது பதிலாக வரும். மாற்றுவதற்குப் பழைய நகை கொண்டுபோயிருந்தால், கல்லைக் கழற்றும் முன் கைப்பேசியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கொக்கி ஒன்று எனப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில், எந்த ஆண்டு, எந்தத் தட்டானிடம் சொல்லிச் செய்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல பாட்டிகளுக்குத் தட்டானின் பெயர் நினைவிருக்கும்.