கிடாருக்குப் புதிய ‘பிக்கப்’ வாங்கப் போகிறீர்களா?

பெஹாலாவில் டயமண்ட் ஹார்பர் ரோடின் சந்து பொந்துகளில் மூங்கில் நடத் தொடங்கிவிட்டால் துர்கா பூஜை நெருங்கிவிட்டது என்று பொருள். பந்தல் என்றால் பாட்டுக் கச்சேரியும் உண்டு. பேட்டைக்குப் பேட்டை இளைஞர்கள் கிடாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கும் காலம் அது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அந்தக் குழுக்களில் சேர்ந்துகொள்வது புதிதல்ல. வீட்டில் கொலு, தெருவில் கிடார்!

அந்தச் சமயத்தில்தான், “அப்பா, பிரிட்ஜ் பிக்கப் சரியில்லை, மாற்ற வேண்டும்” என்ற விண்ணப்பம் வரும். விலையைக் கேட்டால் மாதச் சம்பளக்காரருக்குத் தலை சுற்றும். அமெரிக்கத் தயாரிப்பான ஒரு பிக்கப்பின் விலை, உள்ளூரில் செய்த முழுக் கிடாரின் விலையைத் தொட்டுவிடும். பணத்தை எடுத்து நீட்டுமுன், அது என்ன பொருள், கெட்டது அதுதானா என்று தெரிந்துகொள்வது நல்லது.

வீணையில் தந்திகளைத் தாங்கும் பகுதிக்குக் ‘குதிரை’ என்று பெயர். கிடாரில் அதுவே ‘பிரிட்ஜ்’. எலெக்ட்ரிக் கிடாரின் உடல் பெரும்பாலும் கெட்டிக் கட்டை. வீணைக் குடம் போல் அது ஒலியைப் பெருக்குவதில்லை. தந்திகளுக்கு அடியில் உள்ள பிக்கப்தான் அதற்குக் காது. காந்தத்தைச் சுற்றி, எனாமல் பூசிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். கம்பியின் கனம் சுமார் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவுதான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபையரின் வேலை.

இந்தக் கருவி முதலில் பிறந்தது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாயன் கிடாருக்காக. 1931-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பூஷாம்ப் என்பவர் இதை உருவாக்க, அடால்ஃப் ரிக்கன்பேக்கர் கைகொடுத்தார். வாணலி போன்ற தோற்றத்தால் அந்தக் கிடாருக்கு ‘ஃபிரையிங் பேன்’ என்றே பெயர் விழுந்தது. காப்புரிமை 1937-இல் கிடைத்தது. வங்காளிகள் அந்த ஹவாயன் கிடாரைத் தங்கள் வீட்டு வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டார்கள். கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா, பட்டுக் நந்தி, சினிமாப் பாட்டுகளைக் கிடாரிலேயே பாட வைத்த சுனில் கங்குலி ஆகியோரின் இசைத்தட்டுகள் ஒலிக்காத பந்தல் ஒரு காலத்தில் அபூர்வம். பிறகு 1970-களின் நடுவில் ‘மொஹினேர் கோராகுலி’ என்ற குழு வங்காளத்தில் ராக் இசைக்கு வழி திறந்தது. ஆகவே, எலெக்ட்ரிக் கிடார் கொல்கத்தாவுக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. கிப்டோன், கிவ்சன் என்ற பெயர்களில் இந்த நகரத்திலேயே கிடார்கள் செய்யப்படுவதும் பலருக்குத் தெரிந்ததே.

முதலில் நோயைப் பாருங்கள்

பிரிட்ஜ் பக்கத்து ஒலி கொஞ்சம் மெலிந்தும் கூர்மையாகவும் இருப்பது இயற்கை. தந்தி நடுவில்தான் அகலமாக ஆடும். குதிரைக்கு அருகில் அதன் ஆட்டம் மிகக் குறைவு. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்போடு ஒப்பிட்டு, “இது கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டுபவர்கள் பலர். பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள திருகுகளைச் சற்றுத் திருப்பித் தந்திக்கு அருகில் உயர்த்தினாலே பாதிக் குறை தீரும். கடைசி மெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தபோது இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கலாம். செலவு ஒரு காசும் இல்லை.

அடுத்தது தந்தி. சாதாரண மரக் கிடாருக்கான வெண்கலச் சுற்றுத் தந்தியை எலெக்ட்ரிக் கிடாரில் பூட்டிவிட்டுச் சத்தம் போதவில்லை என்று வருந்துவோர் உண்டு. வெண்கலத்துக்குக் காந்தத்தோடு உறவில்லை. உள்ளே இருக்கும் எஃகு இழை மட்டுமே பேசும். நைலான் தந்தி என்றால் பிக்கப் ஊமைதான். நிக்கல் பூசிய எஃகுத் தந்தி போட்டுப் பார்த்த பிறகே பிக்கப்பின் மேல் பழி போட வேண்டும்.

கொல்கத்தாவின் மழைக்காலம் வேறு இருக்கிறது. ஈரக் காற்றில் ஜாக்கின் தகடு கறுத்துப் போகும். வால்யூம் திருகியின் உள்ளே அழுக்குப் படிந்து கரகரவென்று சத்தம் போடும். பற்றவைப்பு விட்டுப்போகும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகம் தீரும். கிடாரில் ஒயரைச் செருகி, பிரிட்ஜ் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, வால்யூமை முழுதும் திறந்து, ஒயரின் மறுமுனையில் அளக்க வேண்டும். ஒற்றைச் சுருள் என்றால் 5 முதல் 8 கிலோ ஓம் வரை, இரட்டைச் சுருள் என்றால் 7 முதல் 16 வரை காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். மீட்டர் அசையவே இல்லை என்றால், பிக்கப்பின் சொந்த ஒயர்களிலேயே ஒரு முறை அளந்து பாருங்கள். அங்கும் அசைவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. அப்போதும் மறுசுற்று சுற்ற முடியும். ஆனால் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போவதில் பயனில்லை. இவ்வளவு மெல்லிய கம்பி அந்தக் கைகளில் அறுந்துவிடும்.

சத்தத்தைக் கூட்டினால் பிக்கப் ‘கீச்’சென்று அலறுகிறதா? சுருளின் கம்பிகள் தளர்ந்து தாமே அதிர்கின்றன என்று அர்த்தம். உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுப்பது இதற்குப் பழைய வைத்தியம். மெழுகு ஏறத்தாழ 65 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. போனால் பிளாஸ்டிக் உருகி வளையும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே முறை.

எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்

இத்தனைக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், கடைக்காரர் முதலில் சொல்வது கிலோ ஓம் கணக்கு. “இது 16, அது 8. பதினாறுதான் சக்தி வாய்ந்தது!” என்பார். ஓம் என்பது தடையின் அளவு, சக்தியின் அளவல்ல. அதே சுற்றுகளை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினாலே எண் ஏறிவிடும். வெயில் கூட எண்ணை ஏற்றும்: 20 டிகிரியில் 8.0 காட்டும் சுருள் 35 டிகிரியில் சுமார் 8.5 காட்டும்! சுற்று அதிகமானால் சத்தம் கூடுவது உண்மைதான்; கூடவே ஒலியின் கூர்மை மழுங்கும். பிரிட்ஜ் பக்கத்து ஒலி ஏற்கெனவே கூர்மையானது. ஆகையால் அந்த இடத்திற்கு மட்டும் சுற்று சற்று மிகுந்த பிக்கப் பொருந்தும். அளவு மிஞ்சினால் பாட்டின் சொல்லே கேட்காது.

காந்தமும் முக்கியம். அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த ‘ஆல்னிகோ’ காந்தத்தில் இரண்டாம் எண் மென்மையானது. ஐந்தாம் எண் துடிப்பானது. செராமிக் காந்தம் பலமானது, ஒலியும் முரட்டுத்தனமானது. மென்மையான மெலடி வாசிப்பவர் செராமிக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்க விரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பலத்த காந்தம் தந்திக்கு மிக நெருங்கினால் தந்தியைப் பிடித்து இழுத்து, நாதத்தின் நீளத்தைக் குறைத்துவிடும். ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையைப் பொழிந்த யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014) வாசிப்பைக் கேட்டவர்களுக்கு, நீண்டு நிற்கும் நாதத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

பந்தலில் வாசிப்பவருக்கு வேறொரு தலைவலி உண்டு. சீரியல் விளக்கு, டியூப் லைட், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ‘ம்ம்ம்’ என்ற உறுமலை ஏற்றிவிடும். 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இதற்கு வழி கண்டார். எதிர்த் திசையில் இயங்கும் இரண்டு சுருள்கள், எதிரெதிரான காந்த முனைகள். உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, தந்தியின் ஒலி மட்டும் கூடி வரும். இதுவே ‘ஹம்பக்கர்’. ஒற்றைச் சுருளின் இடத்திலேயே மரத்தை வெட்டாமல் பொருத்தும் குட்டி ஹம்பக்கர்களும் கிடைக்கின்றன. பூஜைக் கச்சேரிக்காரருக்கு ஏற்றது அதுதான்.

பலர் மறந்துவிடும் விஷயம் அகலம். பிரிட்ஜ் அருகில் ஆறு தந்திகளின் இடைவெளி கிடாருக்குக் கிடார் மாறும். சில ஹம்பக்கர்களின் முனைகள் சுமார் 49 மில்லிமீட்டர் அகலம்; ஃபெண்டர் வகைப் பிரிட்ஜுக்கு 52 தேவைப்படும். ஓரத் தந்திகள் காந்தத்தை விட்டு விலகினால் அவற்றின் ஒலி அடங்கிவிடும். எட்டி வான் ஹேலன் மலிவான உடலும் கழுத்தும் வாங்கித் தாமே பூட்டிய கிடாரில், ஒரு கிப்சன் கிடாரின் ஹம்பக்கரைப் பிரிட்ஜ் அருகில் பதித்தபோது இதே சிக்கல் வந்தது. அதைச் சாய்வாக வைத்துச் சமாளித்தார். அலறாமல் இருக்க மெழுகிலும் முக்கினார். 1978-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் ஒலிப்பது அந்தக் கிடார்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே லாரி டிமார்சியோ மாற்றுப் பிக்கப் வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். சேமூர் டங்கன் 1976-இல் அந்தத் தொழிலில் இறங்கினார். கடைகளில் இன்றும் அதிகம் கேட்கப்படும் பெயர்கள் இவை இரண்டும்.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன், முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடு வரை, பிக்கப்புக்கு நேர் மேலே ஒரு ஸ்கேலால் அளந்து சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். வாத்தியக் கடைகள் வரிசையாக இருப்பது லால்பஜார் அருகே ரவீந்திர சரணியில். சில்லறை எலெக்ட்ரானிக் சாமான்களுக்குச் சாந்தினி சவுக். ஒற்றைச் சுருளை எடுத்துவிட்டு ஹம்பக்கர் போடுவதானால் 250 கிலோ ஓம் வால்யூம் திருகிக்குப் பதில் 500 வாங்குவது நலம். இல்லாவிட்டால் புதிய பிக்கப் மூடிய வாயால் பாடுவது போலிருக்கும்.

பழைய பிக்கப்பின் ஒயரை அடியோடு வெட்டாமல் ஈயத்தை உருக்கியே எடுக்க வேண்டும். எந்த நிற ஒயர் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து வைப்பதும் அவசியம். புதியது பிடிக்காமல் போனால் பழையதைத் திரும்பப் பூட்ட அரை மணி நேரம் போதும். கிடாரை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல விலையும் கிடைக்கும்.