நம்ம ஆறு பிறக்கும் மலைக்கு ஒரு நாள் போய் வருவோம்



காலையில் குழாயடியில் குடம் வைக்கிறோம். தண்ணீர் வரவில்லை என்றால் சண்டை போடுகிறோம். வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று என்றைக்காவது நினைத்துப் பார்த்தோமா?

"வல்லநாட்டுல இருந்து பைப்புல வருது" என்று தூத்துக்குடி நகரில் இருப்பவர்கள் சொல்வார்கள். சரிதான். வல்லநாட்டுக்கு எங்கிருந்து வந்தது? மேற்கே பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணிதான் அது. சுமார் 125 கிலோமீட்டர் ஓடி வந்து, நம்ம புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. முத்துக்குப் பேர் போன பழைய கொற்கைத் துறைமுகம் இந்த ஆற்றின் முகத்தில்தான் இருந்தது. ஆறு கொண்டு வந்த மண் சேர்ந்து சேர்ந்து, இன்று கொற்கை கடலை விட்டு உள்ளே தள்ளிப் போய்விட்டது.

அந்த மலையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கோயில், கல்யாணம், துட்டி வீடு. இதற்குத்தானே வெளியூர் போகிறோம். "நமக்கு எதுக்குக்கா மலை? அளத்துக்குப் போனாத்தானே சோறு?" என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

காடு தண்ணீரை எப்படிச் சேமிக்கிறது?

வெறும் தரையில் மழை பெய்தால் தண்ணீர் அப்படியே ஓடிவிடும். காட்டில் அப்படி இல்லை. மரத்தின் இலைகள் மழையின் வேகத்தைக் குறைக்கின்றன. கீழே மக்கிய சருகு பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சுகிறது. வேர் வழியே மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர், மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓடையில் சேருகிறது. நாம் குழுவில் சிறுசேமிப்பு போட்டு, கஷ்ட காலத்தில் எடுக்கிறோமே, அது போலத்தான்.

இந்தக் காடு இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அமைந்தது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. புலி, யானை, கரடி, சோலைமந்தி எல்லாம் இங்கே உண்டு. 1990-களில் மலையடிவாரக் கிராமங்களில் விறகுக்காகக் காட்டுக்குப் போன பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, வேறு தொழில் செய்யக் கடன் கொடுத்தார்கள். நம்மைப் போன்ற பெண்கள் விறகு வெட்டுவதைக் குறைத்ததும் இந்த ஆற்றுக்குச் செய்த உதவிதான்.

எப்போது, எப்படிப் போவது?

தூத்துக்குடியிலிருந்து பாபநாசம் சுமார் 100 கிலோமீட்டர். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் வழி. விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அகஸ்தியர் அருவியைப் பார்க்கலாம். அனுமதி கிடைத்தால் காரையாறு வரை போகலாம். பேப்பரில் "பாபநாசம் அணை 143 அடி" என்று போடுவார்களே, அந்த அணை அங்கேதான் இருக்கிறது.

பொங்கல் கழிந்த ஜனவரி கடைசி நல்ல நேரம். உப்பளத்தில் வேலை சூடுபிடித்திருக்காது. மழையும் ஓய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அருவியில் வெள்ளம் வரும். கோடையில் காட்டுத்தீ பயம்.

வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பலர் நம்மைப் போன்ற பெண்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே கூட வந்து வழிகாட்டுகிறார்கள்.

நாம் மலை ஏறாமல் அருவி வரை மட்டும் போனாலும், அம்பாசமுத்திரத்தில் உள்ள புலிகள் காப்பக அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். எது வரை விடுவார்கள், கூட யார் வருவார்கள் என்று தெரிந்த பிறகே நாள் குறியுங்கள். காரையாறு பக்கம் காணி மக்கள் வாழ்கிறார்கள். எந்தத் தடம் யானையுடையது, எந்த இலை மருந்து என்று அவர்களுக்குத் தெரியும். கேளுங்கள், சொல்வார்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

குழு சேமிப்பில் கை வைக்கக் கூடாது. கடனும் வாங்கக் கூடாது. வாரம் 20 ரூபாய் தனியாகப் போட்டால், 26 வாரத்தில் ஒருவருக்கு 520 ரூபாய். 15 பேருக்கு 7,800 ரூபாய். தீர்மான நோட்டில் எழுதி, தனிக் கணக்கு வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

* பெர்மிட் உள்ள வேனில் போங்கள். வாடகை குறைவு என்று லோடு வண்டியில் ஏறாதீர்கள்.
* கட்டுச்சோற்றை வாழை இலையிலும் தூக்குவாளியிலும் கொண்டு போங்கள். பாலிதீன் பை வேண்டாம். செக்போஸ்ட்டில் சோதனை உண்டு.
* அருவியில் சோப்பு, ஷாம்பு போடாதீர்கள். பழைய துணியை ஆற்றில் விடாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் நம் குடத்துக்கு வருகிறது.
* குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். பழகிவிட்டால் கையில் இருப்பதைப் பறிக்கும், கடிக்கும்.
* பிரஷர், சுகர் மாத்திரையை மறக்காதீர்கள்.
* மாதவிலக்கு என்று யாரையும் ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். நாப்கினைப் பேப்பரில் சுற்றி, ஊருக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது. அன்று நம்மைக் கலங்கடித்த ஆறுதான் தினமும் தாகமும் தீர்க்கிறது. அது பிறக்கும் இடத்தை ஒரு முறை கண்ணால் பார்த்தவள், பிறகு ஆற்றில் குப்பை கொட்ட மாட்டாள். கொட்டுகிறவரைப் பார்த்துச் சும்மா இருக்கவும் மாட்டாள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள் சகோதரிகளே. முதல் 20 ரூபாயை அன்றைக்கே போடுங்கள்!