கொள்ளுத்தாத்தா கல்லறை எங்கே? துப்பு கொடுக்கும் கோவில் ரிஜிஸ்தர்!

நெல்லை:

நவம்பர் 2-ந்தேதி கல்லறைத் திருநாள் வந்தால் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்ட கல்லறைத் தோட்டங்களில் நிற்க இடம் இருக்காது. பூ, மாலை, மெழுகுவர்த்தி என்று குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். அப்பா கல்லறை தெரியும். தாத்தா கல்லறையும் கொஞ்சம் தேடினால் தட்டுப்பட்டு விடும். அதுக்கு முந்தின தலைமுறை? "இந்தப் பக்கம்தான் எங்கேயோ வச்சாங்களாம்" என்று சொல்லி, பொதுச் சிலுவை அடியில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து விட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அந்த "எங்கேயோ"வுக்கு பல குடும்பங்களில் எழுத்தில் பதில் இருக்கிறது. கோவில் பீரோவில் தூசி படிந்து கிடக்கும் அடக்க ரிஜிஸ்தர்தான் அது.

பத்திரப்பதிவு ஆபீசில் நிலம் வைத்திருந்தவர் பேர்தான் இருக்கும். பனை ஏறியவர், வலை இழுத்தவர், கூலிக்குப் போனவர் பேர் அங்கே ஏது? ஆனால் அவர்கள் செத்த அன்றைக்கு கோவில் நோட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பேர், வயசு, அப்பா பேர் அல்லது புருஷன் பேர், எந்த ஊர், எங்கே அடக்கம். சில குடும்பங்களுக்கு கொள்ளுத்தாத்தாவைப் பற்றி உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே எழுத்து அந்த ஒரு வரிதான்.

எப்போது ஆரம்பம்?

கத்தோலிக்க சபையில் ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் பங்கு தோறும் நோட்டு போடச் சொல்லி 1563-ல் திரிதெந்து சங்கம் உத்தரவு போட்டது. இறந்தவர்களுக்கும் நோட்டு வைக்கச் சொன்னது 1614-ல். நம்ம முத்துக்குளித்துறைக்கு புனித சவேரியார் வந்தது 1542. ஆனால் அந்தக் காலத்து நோட்டு இன்றைக்கு கைக்கு கிடைக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டை, கடல் காற்று, கரையான் மூன்றும் சேர்ந்து நிறைய தின்று விட்டன. பெரும்பாலான ஊர்களில் 1800-க்குப் பிறகு உள்ளது கிடைத்தாலே பெரிய விஷயம்.

புராட்டஸ்டண்ட் பக்கம் பாளையங்கோட்டைதான் மூத்தது. 1780-ல் அங்கே எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பேரே குளோரிந்தா அம்மாள். அவர் கட்டிய கோவிலை 1785-ல் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். 1799-ல் முதலூர் உருவானது. அதன் பிறகு ஊர் ஊராக சபையும் வந்தது, நோட்டும் வந்தது.

பிறப்பு, இறப்பை அரசாங்கத்தில் பதிவது நாடு முழுக்க ஒரே சட்டமாக ஆனது 1969-ல்தான். அதுக்கு முன்னாடி கிராமத்தில் செத்தவருக்கு சர்டிபிகேட் தேடுவது குதிரைக் கொம்பு. அதனால்தான் கோவில் நோட்டுக்கு இத்தனை மதிப்பு.

பேர்தான் முதல் சிக்கல்

"எங்க பூட்டன் பேர் சின்னப்பன். நோட்டு முழுக்க தேடியாச்சு, சின்னப்பனே இல்லை" என்று திரும்பி வருவார்கள். இருப்பார். ஆனால் "பவுலுஸ்" என்ற பேரில் இருப்பார்.

பழைய கத்தோலிக்க நோட்டுகள் பல, லத்தீனில் எழுதியவை. எழுதியவர் இத்தாலி, பிரான்ஸ், போர்ச்சுகல் நாட்டு சாமியார். வீட்டில் கூப்பிட்ட தமிழ்ப் பேரை அவர் அப்படியே எழுதாமல், அந்தப் பேருக்கு உரிய புனிதரின் லத்தீன் பேரை எழுதி விடுவது வழக்கம். ராயப்பன் பெத்ருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ். சூசை யோசேபுஸ். இன்னாசி இக்னாசியுஸ். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். சந்தியாகுவும் யாகப்பனும் ரெண்டு பேர் மாதிரி தெரியும், ஆனால் லத்தீனில் ரெண்டு பேருமே யாக்கோபுஸ்தான்.

இதற்கு பெரிய உதாரணம் நம்ம ஊரிலேயே உண்டு. 2022 மே 15-ந்தேதி புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பேர் லாசர். கடவுளே துணை என்பது அதன் அர்த்தம். அதைத் தமிழ்ப்படுத்தித்தான் தேவசகாயம் ஆனது. உங்கள் வீட்டில் ஒரு தேவசகாயம் இருந்தால், நோட்டில் "லாசருஸ்" என்றும் தேடிப் பார்க்கணும்.

கடற்கரை ஊர்களில் வேறு தலைவலி. பர்னாந்து என்று தேடினால் பக்கத்துக்குப் பக்கம் பர்னாந்துதான். அங்கே ஆளை அடையாளம் காட்டுவது அப்பா பேரும் தெருவும்தான். கொள்ளுப்பாட்டி பேர் பல வீட்டில் மறந்தே போயிருக்கும். பரவாயில்லை. "இன்னார் மனைவி" என்றுதான் எழுதியிருப்பார்கள், புருஷன் பேரை வைத்து பிடித்து விடலாம்.

நாலைந்து லத்தீன் வார்த்தை தெரிந்தால் போதும், பக்கம் புரிந்து விடும். ஒபீத் என்றால் இறந்தார். செபுல்துஸ் என்றால் அடக்கம் செய்யப்பட்டவர், பெண்ணாக இருந்தால் செபுல்தா. பிலியுஸ் மகன், பிலியா மகள், உக்ஸோர் மனைவி, விதுவா விதவை. செமெட்டேரியம் என்று வந்தால் கல்லறைத் தோட்டம். சாமியார் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும், ஒரே வாசகத்தைத்தான் வரி தோறும் எழுதியிருப்பார். பத்து வரி பார்த்தால் கண்ணுக்குப் பழகி விடும்.

7 என்றால் ஜூலை இல்லை!

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. மாசத்தை சுருக்கி எழுத 7, 8, 9, 10 என்று எண் போட்டு பக்கத்தில் ரெண்டு மூன்று எழுத்து சேர்த்திருப்பார்கள். 7 என்றால் ஏழாவது மாசம் ஜூலை என்று நினைத்தால் போச்சு. லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, ஆகவே அது செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். ரோமன் எழுத்தில் எக்ஸ் போட்டிருந்தாலும் டிசம்பர்தான்.

எந்த வருஷம் என்றே தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இருந்து வரும் பேச்சை கவனிக்கணும். "தாது வருஷப் பஞ்சத்துல செத்தாரு" என்றால் 1876, 77-ஐ புரட்டலாம். "விஷக்காய்ச்சல்ல ஒரே வாரத்துல ரெண்டு சாவு" என்றால் 1918-ஆக இருக்கலாம். பஞ்சமும் காலராவும் வந்த வருஷங்களில் அடக்கப் பக்கங்கள் சட்டென்று பெருத்து விடும். ஒரே நாளில் அப்பா, பிள்ளை, பாட்டி என்று வரிசையாக வரும். அந்தப் பக்கங்களை நிதானமாகத்தான் படிக்க முடியும்.

தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. தலைமுறையை எண்ணிப் பார்த்தால் எது என்று தெரிந்து விடும்.

குமரி பக்கம் கல்வெட்டிலும் பத்திரத்திலும் கொல்லம் ஆண்டு இருக்கும். அத்துடன் 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருஷம். கொல்லம் 1052 என்றால் 1876 ஆவணியில் தொடங்கி 1877 வரை. கல்லில் ௧௮௭௭ என்று தமிழ் எண்ணில் வெட்டியிருப்பதைப் பார்த்து "என்னமோ எழுத்து" என்று நகர்ந்து விடாதீர்கள். அது 1877.

எந்தக் கோவிலில் கேட்பது?

இங்கேதான் பாதிப்பேர் சோர்ந்து போகிறார்கள். ஊர்க் கோவிலில் கேட்டால் "எங்க நோட்டு 1950-ல் இருந்துதான்" என்பார்கள். உண்மைதான். அந்த ஊர் அதுக்கு முன்னாடி வேறு பங்கின் கிளை ஊராக இருந்திருக்கும். தனிப் பங்காகப் பிரிந்து போனாலும் பழைய நோட்டு தாய்ப் பங்கிலேயே இருக்கும். ஆகவே முதல் கேள்வி, "இந்த ஊர் முன்னாடி எந்தப் பங்கு?" என்பதுதான்.

மறைமாவட்டமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தூத்துக்குடி 1923-ல் திருச்சியில் இருந்து பிரிந்தது. கோட்டாறு 1930-ல் கொல்லத்தில் இருந்து. பாளையங்கோட்டை 1973-ல் மதுரையில் இருந்து. சி.எஸ்.ஐ.யில் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் 2003-ல்தான் நெல்லையில் இருந்து தனியாகப் பிரிந்தது. இப்போதைய ஆபீசில் இல்லை என்றால் பழைய தலைமையிடத்தில் கேட்கணும்.

இன்னொன்று. இன்றைக்கு நீங்கள் சி.எஸ்.ஐ. என்றால் கொள்ளுத்தாத்தாவும் அதே சபை என்று நினைக்காதீர்கள். சபை மாறிய குடும்பங்கள் தென்மாவட்டங்களில் ஏராளம்.

செத்த ஊர் வேறு, அடக்கம் செய்த ஊர் வேறாகவும் இருக்கும். கால்டுவெல் ஐயர் 1891 ஆகஸ்ட் 28-ந்தேதி கொடைக்கானலில் இறந்தார். அவர் அடக்கமானது இடையன்குடியில், தான் கட்டிய கோவிலுக்குள்ளேயே. அடக்க ரிஜிஸ்தரில் தேடும்போது குழி வெட்டின ஊரைத்தான் பிடிக்கணும்.

பேருக்குப் பக்கத்தில் சாதி

பழைய நோட்டில் பலருக்கும் பேர் பக்கத்திலேயே சாதி எழுதியிருக்கும். படிக்க கசப்பாக இருக்கலாம், ஆனால் கல்லறையைக் கண்டுபிடிக்க அதுவும் ஒரு துப்பு. ஏனென்றால் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவு இருந்தது. வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோவிலே ரெண்டு பிரிவு ஆட்கள் தனித்தனியாக உட்கார ரெண்டு கையாகப் பிரித்துக் கட்டியதுதான். உட்காரவே தனி இடம் கேட்டவர்கள் புதைக்க ஒரே இடம் கொடுத்திருப்பார்களா? பெரிய தோட்டத்தில் தேடிக் கிடைக்காதவர்கள், ஊருக்கு வெளியே இன்னொரு சின்ன கல்லறை மேடு இருந்ததா என்று வயசானவர்களிடம் விசாரிக்கணும். பல பேருக்கு பதில் அங்கேதான் கிடைக்கும்.

கல் ஒரு இடம், ஆள் ஒரு இடம்

கல்லைப் பார்த்ததும் கண்டுபிடித்து விட்டோம் என்று முடிவு கட்ட முடியாது. சென்னை கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரீஸ் கோவில் 1680-ல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி தரை முழுக்க கல்லறைக் கற்கள். ஆனால் அந்தக் கற்களுக்கு அடியில் ஆட்கள் இல்லை! அவர்களைப் புதைத்தது கோட்டைக்கு வெளியே, இப்போது சட்டக் கல்லூரி கட்டிடம் நிற்கும் பக்கம். 1758, 59-ல் பிரெஞ்சுப் படை முற்றுகை போட்டபோது அந்தக் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகப் போய்விட்டன. அதனால் பிறகு கல்லறைகளை இடித்து, கற்களை மட்டும் கொண்டு வந்து கோவிலைச் சுற்றிப் பதித்து விட்டார்கள்.

முன்னோர் வெள்ளைக்காரரோ ஆங்கிலோ இந்தியரோ என்றால் அவர்களுக்கு வேலை சுலபம். சென்னை மாகாண சர்ச் பதிவுகளின் நகல் 1698-ல் இருந்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 2014 முதல் பைண்ட்மைபாஸ்ட் என்ற இணையதளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். பேமிலிசெர்ச் தளத்தில் ஒரு பகுதிக்கு இலவசமாகவே அட்டவணை இருக்கிறது. நம்ம கிராமத்து ஆட்கள் பேர் அதில் ரொம்பக் குறைவு. நமக்கு உள்ளூர் பீரோதான் கதி.

எப்படிக் கேட்கணும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கூட்டத்தில் போய் நின்றால் எந்த சாமியாருக்கும் நேரம் இருக்காது. வார நாளில் போங்க. ஒரு வெள்ளைத் தாளில் தெரிந்ததை எழுதிக் கொண்டு போங்க: முன்னோர் பேர், அப்பா பேர், மனைவி பேர், ஊர், தெரு, ஏறக்குறைய எந்த வருஷம். "எங்க தாத்தாவுக்கு தாத்தா, தேடிக் குடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் தேட முடியாது.

நோட்டு கோவிலுக்குச் சொந்தம். பங்குத்தந்தையோ சேகர குருவோ அனுமதி கொடுத்தால்தான் பார்க்க முடியும். எச்சில் தொட்டு பக்கம் புரட்டாதீங்க, பழைய தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். கேட்டு விட்டு செல்போனில் படம் எடுத்துக்கலாம். சில இடங்களில் நல்லது என்று நினைத்து பழைய தாளை லேமினேஷன் செய்து விடுகிறார்கள். அது தாளைக் கெடுக்கும் வேலை. அதுக்குப் பதில் எல்லா நோட்டையும் ஒரு தடவை ஸ்கேன் செய்து மறைமாவட்டத் தலைமையகத்தில் வைத்தால் கரையானுக்குப் பயப்பட வேண்டாம்.

முதலில் அடக்க ரிஜிஸ்தரைக் கேட்காமல் கல்யாண ரிஜிஸ்தரில் இருந்து தொடங்கினால் நல்லது. அதில் மாப்பிள்ளை, பெண் ரெண்டு பேரின் அப்பா பேரும் ஊரும் இருக்கும். அப்படியே தாத்தா கல்யாணத்தில் இருந்து பூட்டன் பேருக்குத் தாவி, பிறகு அவர் அடக்கத்தைத் தேடலாம்.

உபதேசியார் ஜெபம் சொல்லி புதைத்து விட்டு, சாமியார் மாசக்கணக்கில் கழித்து அந்த ஊருக்கு வந்தபோது நோட்டில் ஏற்றியதும் உண்டு. அதனால் குறிப்பிட்ட தேதியில் இல்லை என்றதும் மூடி விடாமல் அடுத்த ஆறு மாசத்தையும் பாருங்க.

நோட்டு உங்களை கல்லறைத் தோட்டத்து வாசல் வரைதான் கூட்டிக் கொண்டு போகும். குழி நம்பர் எழுதும் வழக்கம் கிராமத்தில் இருந்ததில்லை. ஏழைக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான். நாலு மழையில் அது கரைந்து விடும். பல இடங்களில் அதே மண்ணில் அடுத்தவரைப் புதைத்திருப்பார்கள். ஆனால் ஒரே குடும்பத்து ஆட்களை அடுத்தடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. தாத்தா கல்லறை தெரிந்தால் அதைச் சுற்றிப் பாருங்க. குழி வெட்டும் குடும்பத்துப் பெரியவரிடம் "எந்த வரிசை பழசு?" என்று கேளுங்க.

அக்டோபர் கடைசி வாரத்தில் தோட்டத்தில் புல் செதுக்கி, முள் வெட்டி, சுண்ணாம்பு அடிப்பார்கள். மண்ணில் சாய்ந்து கிடக்கும் பழைய கற்கள் அப்போதுதான் வெளியே தெரியும். போகிறவர்கள் ஒரு குடம் தண்ணீரும் தேங்காய் நாரும் கையில் எடுத்துப் போங்க. கல்லைக் கழுவி, வெயில் சாயும் நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தேய்ந்த எழுத்தும் படிக்கக் கிடைக்கும்.