செம்பாண்டாவின் வாழ்வும் அதன் காடும்

1

‘பாண்டா’ என்ற சொல் இன்று கருமையும் வெண்மையும் கலந்த சீனத்துப் பெருவிலங்கையே நினைவூட்டுகின்றது. ஆயின் வரலாற்று நோக்கில் அப்பெயர் முதலில் வேறொரு விலங்குக்கே உரியதாயிருந்தது. வீட்டுப் பூனையிலும் சற்றுப் பெரிதான, செந்நிற மயிர் போர்த்த, மரங்களில் வாழும் செம்பாண்டாவே அவ்விலங்கு. பெரும்பாண்டா 1869இல் ஆர்மண்ட் டேவிட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரால் ஐரோப்பியருக்கு அறிமுகமாயிற்று. அதுவும் மூங்கில் உண்பது என்பதனால் செம்பாண்டாவின் பெயர் காலப்போக்கில் அதற்கும் வழங்கப்பட்டது. பின்னர் புதியது பெயரைத் தனதாக்கிக்கொள்ள, பழையது ‘செம்’ என்றும் ‘சிறு’ என்றும் அடைமொழி பெற வேண்டியதாயிற்று.

செம்பாண்டாவின் பெயர் வரலாறு மற்றொரு வகையிலும் கவனத்துக்குரியது. வங்காளத்தில் பணிபுரிந்த ஆங்கிலேய இராணுவ அதிகாரி தோமஸ் ஹார்ட்விக் 1821இல் இலண்டன் லின்னியன் கழகத்தில் இவ்விலங்கு பற்றி ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். அது அச்சேறியது 1827இலேயாகும். இடையில், இந்தியாவிலிருந்து அல்பிரெட் துவோசெல் அனுப்பிய மாதிரியை ஆதாரமாகக் கொண்டு பிரெடெரிக் கூவியே 1825இல் அதனை விவரித்து ‘ஐலூரஸ் புல்ஜென்ஸ்’ எனப் பெயரிட்டார். ஒளிரும் பூனை என்பது அதன் பொருள். விஞ்ஞான விதிப்படி முதலில் அச்சேறிய பெயரே நிலைபெற்றது. எனினும், இவ்விருவருக்கும் நெடுங்காலத்துக்கு முன்பே மலைவாழ் மக்கள் அதனை அறிந்து, அதன் குரலை ஒட்டி ‘வா’ எனப் பெயரிட்டிருந்தனர் என்பதை ஹார்ட்விக்கே பதிவு செய்துள்ளார். நேபாளத்தில் அது இன்று ‘ஹாப்ரே’ என வழங்கப்படுகின்றது. ஆகவே ‘கண்டுபிடிப்பு’ என்று நூல்கள் கூறுவதை, உள்ளூர் அறிவு அச்சுக்கு இடம்பெயர்ந்தது என்று கொள்வதே பொருத்தம்.

வகைப்பாட்டிலும் இவ்விலங்கு நீண்டகாலம் சர்ச்சைக்குரியதாயிருந்தது. வாலின் வளையங்களைக் கண்டவர்கள் அமெரிக்க ரக்கூனோடு சேர்த்தனர். வேறு சிலர் கரடியோடு சேர்த்தனர். மரபணு ஆய்வுகள் அது எதனோடும் சேராத தனிக்குடும்பம் எனக் காட்டியுள்ளன. நீர்நாய், ரக்கூன், ஸ்கங்க் ஆகியவற்றின் குடும்பங்கள் அதற்குத் தூரத்து உறவினர். பெரும்பாண்டாவோ கரடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருகாலத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவியிருந்த ஒரு கிளையின் எஞ்சிய வாரிசே செம்பாண்டா என்பதை உயிர்ச்சுவடுகள் உணர்த்துகின்றன. 2020இல் வெளியான மரபணு ஆய்வொன்று, இமயமலைச் செம்பாண்டாவும் சீனச் செம்பாண்டாவும் இரு வேறு இனங்கள் எனக் கொள்ளத்தக்க அளவுக்குப் பிரிந்துள்ளன என்று காட்டியது.

2

செம்பாண்டாவின் வாழ்க்கை முறையை விளங்கிக்கொள்வதற்கு அதன் உடலில் அமைந்த ஒரு முரண்பாட்டிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். அது ஊனுண்ணி வருணத்தைச் சேர்ந்த முலையூட்டி. அதன் உணவுக்கால்வாய் குறுகியது, இரைப்பை எளிமையானது. மாடு, ஆடு முதலியவற்றில் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து சமிபாட்டுக்கு உதவும் அறைகள் எவையும் அதனிடம் இல்லை. ஆயின் அதன் உணவில் மிகப் பெரும்பகுதி மூங்கில். இறைச்சிக்கென அமைந்த குடலுடன் புல்லினத் தாவரத்தை உண்டு வாழ்வதே அதன் நிலை.

இம்முரண்பாட்டின் விளைவுகள் பல. உண்ணும் மூங்கிலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே உடலிற் சேர்கின்றது, எஞ்சியது கழிவாகின்றது. ஆதலின் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரையில் உண்பதிலும் உணவு தேடுவதிலும் செலவிட நேர்கின்றது. பெரும்பாண்டா தண்டையும் முறித்து உண்ணும். செம்பாண்டாவோ தளிரையும் மென்மையான இலை நுனியையும் ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து நன்கு மென்று விழுங்கும். வசந்தத்தில் மூங்கிற் குருத்து, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் காட்டுக் கனிகள், காளான், சிலவேளை பறவை முட்டை என்பன உணவிற் சேர்கின்றன. குளிர்காலத்தில் இலை ஒன்றே கதி.

வரவு குறைவாகையால் செலவும் குறைக்கப்படுகின்றது. அதன் அனுசேப வீதம் அதே அளவான பிற ஊனுண்ணிகளிலும் தாழ்ந்தது. அடர்ந்த மயிர் உடல் முழுவதையும், உள்ளங்கால் உட்பட, மூடியுள்ளது. கடுங்குளிரில் அது மரக்கிளையிற் சுருண்டு வாலினால் முகத்தை மூடிக்கொண்டு உறங்கும். சற்று வெப்பமான நாளில் கால்களைத் தொங்கவிட்டுக் கிளைமீது நீட்டிப் படுக்கும். 25 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேற்பட்ட வெப்பம் அதற்கு ஒவ்வாதது. பலரும் இதனைச் சோம்பல் விலங்கென்பர். உண்மையில் அச்சோம்பல் ஒரு கணக்கு; சிறிய வருவாயில் வாழும் உடல் ஒரு துளியையும் வீணாக்காமல் இருக்கும் முறை.

முன்னங்காலின் ‘ஆறாவது விரல்’ இங்கு தனியே குறிப்பிடத்தக்கது. அது உண்மையான விரலன்று. மணிக்கட்டிலுள்ள சிறு என்பொன்று நீண்டு பெருவிரல்போற் பயன்படுகின்றது. மூங்கிற் கிளையைப் பற்றி இலையை வாய்க்குக் கொண்டுசெல்ல அது உதவுகின்றது. இவ்வமைப்பு மூங்கிலுக்கென்றே தோன்றியது எனத் தோன்றலாம். ஆயின், ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இன்றைய ஸ்பெயின் நிலப்பரப்பில் வாழ்ந்த சைமோசியன் என்னும் ஊனுண்ணும் உறவு விலங்குக்கும் இப்பொய்விரல் இருந்ததை 2006இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. இறைச்சி உண்ட அவ்விலங்குக்கு மூங்கில் தேவைப்படவில்லை. மரமேறுவதற்கே அவ்விரல் பயன்பட்டிருத்தல் வேண்டும். பின்வந்த தலைமுறை பழைய கருவியைப் புதிய தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. கூர்ப்பு என்பது முன்திட்டமிட்ட வரைபடமன்று. முன்னைய வரலாறு விட்டுச்சென்ற பொருள்களைக்கொண்டு நிகழும் ஆக்கம் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று அரிது. பெரும்பாண்டாவும் இத்தகைய விரலைத் தனிவழியிற் பெற்றமையும், இறைச்சியின் சுவையை உணர்த்தும் மரபணு இரண்டிலும் செயலிழந்தமையும், வேறு வேறு மரபினர் ஒரே வாழ்நிலையில் ஒத்த வடிவம் பெறுவதைக் காட்டுகின்றன.

3

நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங், பூட்டான், அருணாசலப் பிரதேசம், வட மியன்மார், திபெத்து, யூனான், சிச்சுவான் எனக் கிழக்கு நோக்கி நீளும் மலைத்தொடரில், பெரும்பாலும் 2,200 முதல் 4,000 மீற்றர் வரையான உயரத்தில் செம்பாண்டா வாழ்கின்றது. மேலே ஊசியிலை மரங்களும் அகன்ற இலை மரங்களும் கவிந்திருக்க, கீழே மூங்கிற் புதர் அடர்ந்திருக்கும் காடே அதன் இருப்பிடம். இக்காட்டில் மரக்கிளைகளைச் செம்பழுப்புப் பாசியும் வெண்ணிற இலைக்கனும் போர்த்திருக்கும். அதன் முதுகுச் செம்மையும் முகத்து வெண்மையும் அப்பின்னணியில் மறைந்துவிடுகின்றன. கீழிருந்து நோக்குபவருக்குக் கரிய வயிறு நிழலோடு நிழலாகின்றது.

காட்டில் மூங்கில் இருந்தால் மட்டும் போதாது. உடல் நீளம் 50 முதல் 64 சென்ரிமீற்றர் வரையேயுள்ள இவ்விலங்குக்கு உயர்ந்த மூங்கிலின் நுனி இலை எட்டுவதில்லை. அது விழுந்த மரங்களிலும் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளிலும் தாழ்ந்த புதர்க்கிளைகளிலும் ஏறி நின்றே இலையைப் பறிக்கின்றது. சிச்சுவானில் நடைபெற்ற ஒப்பீட்டாய்வுகள், விழுமரமும் அடிக்கட்டையும் மிகுந்த சரிவுகளையே செம்பாண்டா விரும்புவதைக் காட்டியுள்ளன. இறந்து வீழ்ந்த மரம் இவ்விலங்கின் உணவு மேடை என்பது மனங்கொள்ளத்தக்கது. அடுத்த பகுதியில் இது மீண்டும் இடம்பெறும்.

செம்பாண்டா பெரும்பாலும் தனித்தே வாழும். அந்தியிலும் இரவிலும் விடியலிலும் அதன் நடமாட்டம் மிகுதி. சிறுநீராலும், மலவாய்ச் சுரப்பிகளாலும், உள்ளங்காற் சுரப்பிகளின் நீராலும் அது தன் எல்லையைக் குறிக்கின்றது. பிறர் விட்ட அடையாளத்தை நாவின் அடிப்புறத்தால் தொட்டு அறிகின்றது. குறித்த இடங்களில் மீண்டும் மீண்டும் மலங்கழிப்பதால், நேரிற் காண்பதற்கு அரிதான இவ்விலங்கை ஆய்வாளர் அவ்விடங்களைக் கொண்டே கணக்கிடுகின்றனர். கணுக்காலைத் திருப்பவல்லதாகையால் தலைகீழாகவும் மரத்திலிருந்து இறங்கும். அச்சுறுத்தப்படின் மரமேறும், வழியில்லையெனில் பின்னங்கால்களில் நிமிர்ந்து முன்னங்கால்களை உயர்த்தும். அத்தோற்றத்தை வேடிக்கையெனக் கொண்டு படம்பிடித்து மகிழ்கின்றோம். அந்த விலங்கைப் பொறுத்தவரை அது தப்ப வழியற்ற நிலையின் தற்காப்பு.

சனவரி முதல் மார்ச்சு வரை இணைசேரும் காலம். குட்டிகள் மே மாத நடுப்பகுதிக்கும் யூலைக்கும் இடையிற் பிறக்கின்றன. ஓர் ஈற்றில் ஒன்று முதல் நான்கு வரை பிறக்கலாம், பெரும்பாலும் இரண்டே. மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ தாய் இலையும் சுள்ளியும் பரப்பி இடம் அமைக்கின்றது. பிறக்கும்போது குட்டியின் நிறை 110 முதல் 130 கிராம் வரையில். கண் திறக்க ஏறத்தாழ 18 நாட்கள் செல்லும். மூன்று மாதம் வரை அது பொந்தை விட்டு வெளிவருவதில்லை. அடுத்த ஈற்றுக்காலம் வரை தாயோடு வாழ்ந்து, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முதிர்ச்சி அடைகின்றது. தந்தைக்கு இதிற் பங்கில்லை. மூங்கிலின் சொற்ப ஊட்டத்தைக் கொண்டே தாய் பாலும் சுரக்கவேண்டியிருப்பதால், கோடை மாதங்களில் அதன் உணவுத் தேவை மிகக் கூடுகின்றது. ஆண்டுக்கொரு முறை, இரு குட்டிகள் எனும் இம்மெதுவான இனப்பெருக்கம் இழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலாதது.

4

இவ்வாழ்வு எங்ஙனம் குலைகின்றது என்பதற்கு நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கு தக்க சான்றாகும். 1950களில் வெளிநாட்டு உதவியுடன் அங்கு பாற்கட்டி உற்பத்தி தொடங்கப்பட்டது. 1976இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1980களில் நேபாள விஞ்ஞானி பிரகலாத் யொன்சன் அங்கு செம்பாண்டாக்களை ஆராய்ந்தார். அவரும் மல்கொம் ஹன்ரரும் 1991இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே பாற்கட்டி, சுற்றுலாப் பயணிகள், செம்பாண்டா ஆகிய மூன்றும் ஒருங்கே இடம்பெற்றன. முற்றிலும் தொடர்பற்றவை எனத் தோன்றும் இம்மூன்றுக்கும் இடையிலான தொடர்பை நிறுவியமையே அவ்வாய்வின் சிறப்பாகும்.

அத்தொடர்பு வருமாறு: சுற்றுலாப் பயணிகளின் வருகையாற் பாற்கட்டிக்குச் சந்தை பெருகியது. சந்தை பெருகவே பால் தேவைப்பட்டது. யாக் எருதும் பசுவும் கலந்த ‘சௌரி’ எனும் கால்நடைகளின் தொகை கூடியது. மந்தைகள் காட்டினூடாக ஏறி இறங்கியபோது மூங்கில் மிதிபட்டது, தளிர் மேயப்பட்டது. இடையர்களும் அவர்தம் நாய்களும் செம்பாண்டா வாழும் பகுதிகளில் நடமாடினர்; தாய் பொந்திலிருந்து விரட்டப்பட்டது; குட்டிகள் மாண்டன. பாலைக் காய்ச்சவும், வழிப்போக்கர் விடுதிகளிற் சமைக்கவும் விறகு வேண்டியிருந்தது. அவ்விறகிற் பெரும்பங்கு எதுவாயிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று: எவரும் வெட்டத் தேவையில்லாத, தாமே விழுந்து உலர்ந்த மரங்கள். முன்னைய பகுதியிற் கூறிய உணவு மேடை அடுப்புக்குச் சென்றது.

இங்கு குற்றவாளி யார்? ‘மனிதன் இயற்கையை அழிக்கின்றான்’ என்ற வழமையான வாக்கியம் இவ்வினாவுக்கு விடையாகாது. பாற்கட்டி உண்ணும் பயணியும் மனிதன். பால் விற்று அரிசி வாங்கும் இடையனும் மனிதன். முன்னவனுக்கு அது ஒருவேளைச் சுவை. பின்னவனுக்கு ஆண்டு முழுவதற்குமான வருவாய். இவ்வேறுபாட்டை மறைத்து இருவரையும் ஒரு பெயர்ச்சொல்லில் அடக்கிவிட்டால், தண்டனை எப்போதும் காட்டினுள் நிற்பவன்மீதே விழும். மந்தையைத் தடுப்பதானால், மந்தையால் வந்த வருவாய்க்கு மாற்று யாது என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.

5

சர்வதேச வர்த்தகத்தைத் தடைசெய்யும் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலிற் செம்பாண்டா 1995இல் சேர்க்கப்பட்டது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015இல் அதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. முதிர்ந்த விலங்குகள் 10,000க்கு மேல் இரா என்றும், மூன்று தலைமுறைக் காலத்தில் தொகை பாதியாகக் குறைந்திருக்கும் என்றும் அப்போது மதிப்பிடப்பட்டது. வேட்டையும் தோல் கடத்தலும் இதற்குக் காரணங்களே. எனினும் காடு துண்டுபடுதலே மேலும் ஆழமான காரணம். மூங்கில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை பரந்தளவிற் பூத்து ஒருங்கே மடியும் இயல்புடையது. முன்னர் அவ்வேளைகளில் விலங்கு அடுத்த சரிவுக்குச் செல்லமுடிந்தது. இன்று இடையில் வீதியும் வயலும் குடியிருப்பும் கிடக்கின்றன. கிழக்கு நேபாளத்தில் 2019 முதல் பத்துச் செம்பாண்டாக்களுக்குக் கழுத்துப்பட்டி பூட்டிச் செய்மதி வழியாகத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு, வீதிகளும் மனித நடமாட்டமும் அவற்றின் இயக்கத்தை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை வெளிப்படுத்தியது.

நேபாளத்திற் செம்பாண்டாவின் வாழிடத்திற் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பூங்காக்களுக்கு வெளியே உள்ளது. ஆகவே வேலியிட்டுக் காவல் போடும் முறை அங்கு போதாது. 1993ஆம் ஆண்டு வனச்சட்டம் கிராமத்தவரின் குழுக்களுக்குக் காட்டை முகாமை செய்யும் உரிமையை அளித்தது. இலாம், பாஞ்ச்தர், தாப்லேஜுங் மாவட்டங்களில் இன்று உள்ளூர் மக்களே ஊதியம் பெற்றுச் செம்பாண்டாவின் தடங்களைப் பதிவு செய்கின்றனர், பொறிகளை அகற்றுகின்றனர். விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்புகளும், நாய்களுக்கான தடுப்பூசியும் பாதுகாப்பின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன. இம்முயற்சிகளுக்குக் குறைபாடுகள் உண்டு. வெளிநாட்டு நிதியிற் பெரிதும் தங்கியிருத்தல் அவற்றுள் ஒன்று. எனினும், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் விலங்கின் பெயரை மட்டும் ஈந்துவிட்டு ஏட்டிலிருந்து மறைந்த மலைமக்கள், இப்போது அதனைப் பற்றிய அறிவை ஆக்குவோராக மீண்டும் தோன்றுகின்றனர் என்பது சிறு மாற்றமன்று.

சுருங்கக் கூறின், செம்பாண்டா மிகக் குறைந்த வருவாயில், மிகக் குறைந்த இடத்தில், மிக மெதுவாக வாழும் விலங்கு. அதற்கு வேண்டியவை இளமூங்கில், மரப்பொந்து, கோடையிற் சில மாத அமைதி, விழுந்து கிடக்கும் சில மரங்கள். அம்மரங்கள் காட்டிற் கிடப்பதா அடுப்பிற்குச் செல்வதா என்பதை முடிவு செய்வது விலங்கியல் மட்டுமன்று. மலையிலுள்ள ஓர் இடையனின் குடும்பம் குளிர்காலத்தை எதனைக் கொண்டு கழிக்கின்றது என்பதுமாகும். இவ்விரு வினாக்களையும் சேர்த்து ஆராயாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் நெடுநாள் நிலைக்காது.