டிரம்மில் ஒரு எண், சட்டத்தில் இன்னொரு எண்

வாசகர் கடிதங்களில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேபிள் கம்பவுண்ட் தயாரிப்பவர்கள், "ஐ.நா. தடை போட்டுவிட்டதாமே, குடோனில் கிடக்கும் சி.பி.டபிள்யூ. சரக்கை என்ன செய்ய?" என்கிறார்கள். இது கலந்த கட்டிங் ஆயிலைப் பயன்படுத்தும் லேத் பட்டறைக்காரர்கள், "தண்ணீரில் கரையாது என்று தகவல் தாளிலேயே அச்சடித்திருக்கிறதே, பிறகென்ன ஆபத்து?" என்கிறார்கள். மற்றவர்களுக்கு, வீட்டில் எந்தப் பொருளில் இது இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

குழப்பத்துக்கு வாசகர்களைக் குறை சொல்ல முடியாது. சி.பி.டபிள்யூ. எனப்படும் குளோரினேற்றிய பாரஃபினை விற்பவர்கள் ஓர் எண்ணால் அழைக்கிறார்கள். அதைத் தடுக்க வந்த சட்டம் வேறோர் எண்ணால் அழைக்கிறது. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றது தெரிந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தெரியாது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

எதற்கு, யார் வைத்த கெடு?

நீடித்து நிற்கும் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நாடுகள் 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடியபோது, நடுச்சங்கிலிக் குளோரின் பாரஃபின்களை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தன. வரையறை இது: கார்பன் 14 முதல் 17 வரை, எடையில் 45 விழுக்காடோ அதற்கு மேலோ குளோரின். கார்பன் 10 முதல் 13 வரை உள்ள குறுஞ்சங்கிலி வகை, 48 விழுக்காட்டுக்கு மேல் குளோரின் இருந்தால், 2017-லேயே பட்டியலில் ஏறிவிட்டது. ஐ.நா. முறைப்படி நாடுகளுக்கு அறிவிக்கை அனுப்பிய நாளிலிருந்து ஓராண்டு கழித்துத் திருத்தம் அமலுக்கு வரும். கடிதங்களில் வரும் 'கெடு' இந்த ஓராண்டுதான்.

'ஒழித்தல்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2017 தடையோடு சேர்ந்து வந்த விலக்குகளில் சில: ரப்பர் பெல்ட், தோல் பதனிடும் எண்ணெய், உயவு எண்ணெய், பெயின்ட், பசை, உலோக வேலை. கூடவே, பொம்மையும் குழந்தைகள் பொருள்களும் நீங்கலாக, நெகிழ் பி.வி.சி. இது எங்கெல்லாம் உண்மையில் பயன்படுகிறதோ, ஏறக்குறைய அந்த இடங்களின் பட்டியல்தான் விலக்குப் பட்டியல். 'குறிப்பிட்ட விலக்கு' என்றால், பதிவு செய்துகொண்ட நாடு பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடரலாம். காரணம் காட்டினால் நீட்டிப்பும் கேட்கலாம். 2025 முடிவும் விலக்குகளோடுதான் வந்திருக்கிறது.

பி.வி.சி.க்குள் இது எப்படித் தங்குகிறது?

குளோரின் ஏறாத பாரஃபினை பி.வி.சி.யோடு அரைத்தால் ஒட்டாது, வெளியே வந்துவிடும். பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். அதோடு கலந்து நிற்க வேண்டுமானால் வருகிற பொருளிலும் போதுமான குளோரின் இருக்க வேண்டும். விழுக்காடு ஏற ஏற ஒட்டுதல் கூடும். ஆனால் திரவம் கெட்டிப்பட்டுக்கொண்டே போய், 70-ஐ எட்டும்போது பிசின் போன்ற திடமாகிவிடும். நெகிழ்வூட்ட வந்த பொருளே விறைத்தால் பயன் என்ன? இரண்டுக்கும் நடுவே கம்பவுண்ட் தொழில் கண்டுகொண்ட எண்தான் 52. வெளிர் மஞ்சள் நிறக் கெட்டி எண்ணெய். லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றே கால் கிலோ எடை.

அப்போதும் தனியாக நிற்காது. டி.ஓ.பி. போன்ற முதல்நிலை நெகிழ்வூட்டி கூட இருந்தால்தான் தங்கும். அளவு மீறினால் பொருளின் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகக் கசியும். 'இரண்டாம் நிலை நெகிழ்வூட்டி' என்று தகவல் தாள்கள் கௌரவமாகக் குறிப்பிடுவது இதைத்தான்: டி.ஓ.பி. செலவைக் குறைக்க ஊற்றுவது. தீயை மட்டுப்படுத்தும் என்ற இன்னொரு பெருமை உண்மையானது. சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடை விட்டுச் சுடரை அடக்கும்.

மலிவுக்குக் காரணம் வேறு ஆலையில் இருக்கிறது. உப்புநீரிலிருந்து ஒரு டன் காஸ்டிக் சோடா எடுத்தால் கூடவே சுமார் 0.88 டன் குளோரின் வந்தே தீரும். சோப்பு, காகிதம், ஜவுளி, அலுமினா என்று காஸ்டிக்குக்கு வாங்க ஆள் உண்டு. குளோரினுக்கு அப்படி இல்லை. தேக்கி வைப்பதும் ஆபத்து. பாரஃபினில் ஏற்றிவிடுவது அதைத் தள்ளிவிடும் வழிகளில் ஒன்று. அதிலும் பாதி குளோரின்தான் பாரஃபினில் ஏறுகிறது. மறுபாதி ஹைட்ரோகுளோரிக் அமிலமாகத் தனியே விற்பனைக்குப் போகிறது.

"தண்ணீரில் கரையாது" என்றால் பாதுகாப்பா?

தகவல் தாள் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இடர் மதிப்பீட்டில் நடுச்சங்கிலி வகையின் கரைதிறன் லிட்டருக்கு 0.027 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் மொட்டைமாடித் தொட்டியில் 27 மில்லிகிராம். குறுஞ்சங்கிலிக்கு 0.15 முதல் 0.47 மில்லிகிராம் வரை. இவற்றைக் 'கரையாது' என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அடுத்த வரியில், எதில் கரையும் என்று எழுதியிருக்க வேண்டும். மினரல் ஆயிலில் கரையும். டொலுவீன் போன்ற கரைப்பான்கள், கீட்டோன், எஸ்டர், ஈதர், சில தாவர எண்ணெய்கள் ஆகியவற்றிலும் கரையும். எத்தனால் போன்ற சிறிய ஆல்கஹால்களிலும் கிளிசரினிலும் கிளைக்காலிலும் கரையாது. தண்ணீரின் குணம் கொண்டவற்றையெல்லாம் விலக்கி, எண்ணெயின் குணம் கொண்டவற்றோடு சேர்கிறது என்பது இதிலேயே தெரியும். வேதியியலில் இதை அளக்கத் தண்ணீரையும் ஆக்டனாலையும் ஒரே குடுவையில் வைப்பார்கள்; ஆக்டனால் உடல் கொழுப்புக்குப் பதிலி. நடுச்சங்கிலிக்கு ஐரோப்பிய மதிப்பீடு எடுத்துக்கொண்ட அளவு, மடக்கையில் 7. தண்ணீர்ப் பகுதியில் இருப்பதைப்போல ஒரு கோடி மடங்கு அடர்வு ஆக்டனால் பகுதியில் இருக்கும்.

ஆக, தண்ணீரில் கரையாமை என்பது அது வேறெங்கே போகும் என்பதற்கான தகவல். ஆற்றில் விழுந்தால் சேற்றில் ஒட்டும், பிறகு மீனின் கொழுப்புக்கு ஏறும். ஆற்றுநீரை மட்டும் பாட்டிலில் எடுத்துச் சோதித்து 'கண்டறியப்படவில்லை' என்று எழுதும் அறிக்கையைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். அது இருக்க வாய்ப்பு மிகக் குறைந்த இடத்தில் தேடியிருக்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கையில் பிடித்து அரைக்கும் 12 பிளெண்டர்களைச் சோதித்தபோது 8-ல் குளோரின் பாரஃபின் கசிந்தது. பிளேடு சுழலும் பாகத்திலிருந்து, கொழுப்புள்ள உணவுக்கு அது வந்து சேர்கிறது.

52 என்ற எண் எதைச் சொல்கிறது? எதை மறைக்கிறது?

இந்தியாவிலும் சீனாவிலும் சரக்கின் பெயர் குளோரின் விழுக்காடு. சி.பி.டபிள்யூ. 42, 52, 70. கம்பவுண்ட் போடுகிறவருக்கு அது போதும், ஏனென்றால் பி.வி.சி.யோடு ஒட்டுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது குளோரின். சட்டம் முதலில் எண்ணுவதோ கார்பனை. உயிரினத்தில் எவ்வளவு சேரும், எவ்வளவு நஞ்சு என்பதில் சங்கிலி நீளத்துக்குப் பெரிய பங்கு. வாங்குபவருக்கு வேண்டியது ஓர் எண், உடம்புக்கு வேண்டியது இன்னொன்று. டிரம்மில் முதலாவது மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கணக்கிட முடியாதா? பள்ளி அணு எடைகளை வைத்துப் போட்டுப் பாருங்கள். பத்துக் கார்பன் சங்கிலியில் 4 குளோரின் ஏற்றினால் எடையில் சுமார் 51 விழுக்காடு. பதினான்கு கார்பனில் 6 ஏற்றினால் 52.5. பதினேழு கார்பனில் 7 ஏற்றினால் 51.5. முதலாவது 2017-ல் தடைப்பட்டது. மற்ற இரண்டும் 2025-ல். பதினெட்டும் அதற்கு மேலும் போனால் உடன்படிக்கையில் தடை இல்லை. நான்கையும் '52' என்ற ஒரே பெயரில் விற்கலாம், விற்பவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இதை யாரும் சூழ்ச்சி செய்து உருவாக்கவில்லை. தடை வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்த பெயர் இது. ஆனால் இப்போது அதன் பயன் யாருக்குப் போகிறது என்பது வேறு விஷயம்.

"ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடலாமே" என்பீர்கள். குளோரின் சங்கிலியில் எந்தக் கார்பனில் போய் உட்காரும் என்பது கட்டுக்குள் இல்லை. ஒரே டிரம்மில் ஆயிரக்கணக்கான வடிவங்கள் இருக்கும். சாதாரண வாயுப் பகுப்புக் கருவியில் அவை தனித்தனி முனைகளாகப் பிரியாமல் ஒரே மேடாக வரும். குறுஞ்சங்கிலியும் நடுச்சங்கிலியும் ஒன்றின்மேல் ஒன்று விழும். எந்த மாதிரியோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விடை தந்தால் இரண்டுமே நேர்மையான விடையாக இருக்கலாம்.

எனவே நம்பகமான தடயம் மூலப்பொருளில்தான். இங்கே ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. மணலியில் கெரசினிலிருந்து நேர்ச்சங்கிலிப் பாரஃபினைப் பிரித்துச் சோப்புத்தூளுக்கான மூலப்பொருள் செய்கிறார்கள். அதற்கு வேண்டியது கார்பன் 10 முதல் 13 வரை. குறுஞ்சங்கிலித் தடையின் எல்லையும் அச்சாக அதுவே. இப்படிப்பட்ட ஆலைகளில் மிஞ்சும் கனமான பகுதிக்குச் சந்தையில் 'ஹெவி நார்மல் பாரஃபின்' என்று பெயர். இந்தியக் குளோரின் பாரஃபின் தொழில் வாங்கும் மூலப்பொருள்களில் அது முக்கியமானது. "நாங்கள் போடுவது கார்பன் 14-க்கு மேல், எங்களுக்கும் 2017 தடைக்கும் சம்பந்தமில்லை" என்ற வாதத்தின் அடிப்படை இது. வாதத்தில் பாதி சரி. காய்ச்சி வடிப்பதில் 13-க்கும் 14-க்கும் நடுவே சுவர் கிடையாது, வால் கொஞ்சம் வரத்தான் செய்யும். மீதிப் பாதியை 2025 மே மாதம் முடித்து வைத்துவிட்டது. அன்றுவரை தற்காப்பாக இருந்த '14-க்கு மேல்' இன்று வரையறையின் முதல் வரி.

அப்படியானால் இந்தியாவில் எப்போது தடை?

ஓராண்டுக் கெடு இந்தியாவை நேரடியாகக் கட்டாது. 2006-ல் உடன்படிக்கையை ஏற்றபோதே, பட்டியலில் சேரும் ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் தனியாக ஒப்புதல் தந்த பிறகே அது தன்னைக் கட்டுப்படுத்தும் என்று இந்தியா அறிவித்துவிட்டது. உடன்படிக்கையே அனுமதிக்கும் வழி. பேசாமல் இருந்தால் பெரும்பாலான நாடுகள் கட்டுப்படுகின்றன. பேசாமல் இருந்தால் இந்தியா கட்டுப்படுவதில்லை. 2018-ல் விதிகள் போட்டு ஏழு பொருள்களைத் தடுத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த ஏழுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2017-லேயே பட்டியலில் ஏறிய குறுஞ்சங்கிலிப் பாரஃபின் அந்த ஏழில் இல்லை. "உடன்படிக்கைக்கு இந்தியா கட்டுப்பட்ட நாடு" என்ற அரசு வாக்கியத்தை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏற்றுமதி செய்பவருக்கு இந்த நிழல் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றிய விதி, பொருள்களில் குறுஞ்சங்கிலிக்கு 0.15 விழுக்காடும் கலவைகளில் 1 விழுக்காடும் எல்லை வைத்திருக்கிறது. அவருடைய கெடுவை டெல்லி அல்ல, ஹாம்பர்க்கில் சரக்கு இறக்குபவர் சொல்வார்.

மற்றக் கேள்விகள்

தோட்டக் குழாய், ரெக்சின், செருப்பு அடிப்பகுதி, ஒயர் உறை? இருக்கலாம், பார்த்தோ தொட்டோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

'தாலேட் இல்லாதது' என்று அட்டையில் இருந்தால்? இதைப் பற்றி அந்த வாசகம் எதுவும் சொல்லவில்லை.

புற்றுநோய் வருமா? சராசரி கார்பன் 12, குளோரின் சுமார் 60 விழுக்காடு உள்ள வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே வைத்தது.

தாய்ப்பாலில் இருக்கிறதாமே? பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள்; அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலைத்தான் பரிந்துரைக்கிறது.

நடுச்சங்கிலியில் 44 விழுக்காடு குளோரின் போட்டால்? வரையறைக்கு வெளியே.

பழைய சரக்கை எரித்துவிடலாமா? கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வரும், டயாக்சின் உருவாகவும் வாய்ப்பு உண்டு.

சாக்கடையில் ஊற்றினால்? தண்ணீரைவிடக் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டிங் ஆயிலில் இது இருக்கிறதா என்று எப்படி அறிவது? டப்பாவில் 'குளோரின் சேர்ந்தது' என்றோ 'உயர் அழுத்தச் சேர்க்கை' என்றோ இருந்தால், எந்தச் சேர்க்கை என்று எழுத்தில் கேளுங்கள்.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்? மூன்றே விஷயம்: எந்த மூலப்பொருள், கார்பன் எத்தனை முதல் எத்தனை வரை, கார்பன் 10 முதல் 13 வரையிலான பங்கு 1 விழுக்காட்டுக்குக் கீழே என்று எழுதித் தருவாரா. "சி.பி.டபிள்யூ. 52 சார், எல்லோரும் வாங்குவதுதான்" என்று பதில் வந்தால், அவர் சொன்னது குளோரினை மட்டும்.