சூடு என்று சொல்லிவிடாதீர்கள்

மாதவிடாய் நின்று எட்டு வருடம் ஆயிற்று. துணி வைத்துக்கொள்ளும் பழக்கமே மறந்துபோன நேரத்தில், ஒருநாள் காலை உள்பாவாடையில் சின்னதாக ஒரு கறை. காய்ந்து, பழுப்பு நிறத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட இல்லை. அந்த அம்மா அதை அலசிக் கொடியில் போட்டுவிட்டு அடுப்பு வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்த மாதமும் அதே கறை. இந்த முறை பக்கத்து வீட்டு அக்காவிடம் மெல்லச் சொல்கிறார். “வெயில் காலம்ல, சூடாயிருக்கும். வெந்தயம் ஊறவச்சு வெறும் வயித்துல குடிங்க” என்று பதில் வருகிறது. வெந்தயமும் இளநீருமாக ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

மகளிர் மருத்துவர்களுக்கு இது புதிய கதை அல்ல. தூரம் நின்று முழுதாக ஓராண்டு ஆன பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும், அதற்குக் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பது மருத்துவத்தில் எழுதப்பட்ட விதி. உடம்புச் சூடு அந்தக் காரணப் பட்டியலில் எங்குமே இல்லை.

பயப்படுத்துவதற்காகச் சொல்வது அல்ல இது. அப்படி ரத்தம் பட்டு வரும் 100 பேரைப் பரிசோதித்தால் சுமார் 9 பேருக்குத்தான் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களில் பலருக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் பிறப்புறுப்பின் தோலும் கர்ப்பப்பையின் உள்சவ்வும் மெலிந்து, லேசாக உரசினாலே கசியும் நிலை. சிலருக்குச் சதைவளர்ச்சி. கர்ப்பப்பை அடி இறங்கியவர்களுக்கு வெளியே வந்த பகுதி துணியில் உரசிப் புண்ணாகியும் ரத்தம் வரலாம். இவை எல்லாவற்றுக்கும் எளிய சிகிச்சை உண்டு. ஆனால் அந்த ஒன்பது பேரில் தான் ஒருவரா என்று எந்தப் பெண்ணும் வீட்டில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ள முடியாது.

கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோய்க்கு ஒரு குணம் உண்டு. அது ஒளிந்து வளர்வதில்லை. அந்த நோய் வந்த 100 பெண்களில் ஏறத்தாழ 90 பேருக்கு முதலில் ரத்தம் காட்டிவிடுகிறது. கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவாத நிலையில் பிடித்துவிட்டால், அமெரிக்கப் பதிவேடுகளின்படி 100ல் 95 பேர் அளவுக்கு ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருக்கிறார்கள். உடம்பே கூப்பிட்டுச் சொல்லும் நோய் இது. அந்தக் குரலை வெந்தயத் தண்ணீர் ஊற்றி அணைப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

யாருக்கு இது அதிகம் வருகிறது? சினைப்பை ஓய்ந்த பிறகும் உடலில் உள்ள கொழுப்பு, ஓரளவு ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. அதை அடக்கும் புரோஜெஸ்டிரோன் அப்போது இருப்பதில்லை. உள்சவ்வு தடித்துக்கொண்டே போகிறது. அதனால் உடல் பருமன், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குழந்தை பெறாதவர்கள், மிகத் தாமதமாக மாதவிடாய் நின்றவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்த வரிசையில் வருகிறார்கள். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தம் பட்டால் உடனே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பரிசோதனை என்றதும் பலருக்கு ஆபரேஷன் தியேட்டர் கண்முன் வந்துவிடுகிறது. நடப்பது அது அல்ல. ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று மருத்துவர் முதலில் நேரில் பார்ப்பார். மூலத்தில் வரும் ரத்தத்தையும் சிறுநீரில் வரும் ரத்தத்தையும் மாதவிடாய் என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. பிறகு பிறப்புறுப்பு வழியாக ஒரு ஸ்கேன். வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துக் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இதற்கு நேர்மாறு: சிறுநீர் கழித்துவிட்டுப் போய்ப் படுத்தால் போதும். திரையில் கர்ப்பப்பையின் உள்சவ்வு ஒரு வெண்கோடாகத் தெரியும். அதன் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 100ல் 1க்கும் கீழே.

அதற்கு மேல் இருந்தாலோ, ஸ்கேன் சரியாக இருந்தும் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தாக வேண்டும். பானம் உறிஞ்சும் குழலைவிட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி, உள்ளே கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. மாதவிடாய் வலி போல அடிவயிறு சற்று இழுக்கும். எடுத்த துணுக்கு பயாப்சிக்குப் போகும். அதில் தெளிவு கிடைக்காவிட்டால் சிறு கேமராவை உள்ளே விட்டு நேரடியாகப் பார்க்கவும் வழி இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். “பாப் டெஸ்ட் எடுத்தேன், நார்மல்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். பாப் சோதனை கர்ப்பப்பை வாய்க்கானது. மேலே உள்ள உள்சவ்வையோ சினைப்பையையோ அது கண்காணிப்பதில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் கதையில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு உலக அளவில் ஓர் இடம் உண்டு. அம்பிளிக்கையை மையமாக வைத்துக் கிராமம் கிராமமாக 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கும் சோதனை அது. ஒரே ஒரு முறை செய்ததில் நோய் 25 சதவீதமும், அந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. 2007ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த முடிவு இது. நம் ஊர்ப் பெண்கள் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு வந்து படுத்ததால் உலகம் கற்றுக்கொண்ட பாடம்.

ஆனாலும் இந்தச் சோதனைக்கு வயதானவர்களிடம் ஓர் எல்லை இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு, நோய் தொடங்கும் வளையம் போன்ற பகுதி கர்ப்பப்பை வாயின் உட்பக்கம் சுருங்கிப் போய்விடுகிறது. வெளியிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. அவர்களுக்கு, இந்த நோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனையே பொருத்தம். 2022ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, 80 ஆயிரம் பேர் வரை இறந்தார்கள் என்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணக்கு. பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு இனி எதற்கு இந்தச் சோதனை என்று கேட்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

சூட்டுக்கு அடுத்தபடியாக நோயை மறைப்பது வாயு. சினைப்பைப் புற்றுநோய் ரத்தம் காட்டுவது குறைவு. வயிறு உப்புசம், நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது எனச் சாதாரணத் தொல்லைகளின் வேடத்தில் வரும். ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் போய், கேஸ் மாத்திரையும் தீர்ந்து, கடைசியில் சேலைக் கட்டு இறுகும்போதுதான் வயிற்றில் நீர் கட்டியிருப்பது தெரிய வரும். ஐம்பதைத் தாண்டியவருக்கு இத்தகைய உபாதை புதிதாகத் தொடங்கி, மாதத்தில் பாதி நாள் இருந்தால், வாயு என்று முடிவு கட்டாமல் ஸ்கேன் எடுப்பதே சரி.

அப்படியானால் எல்லோருக்கும் ஆண்டுதோறும், சினைப்பைப் புற்றுநோயைத் தேடும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமே? பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்த ஆய்வில், ஒரு பகுதியினரிடம் அதைச் செய்து பார்த்தார்கள். 2021ல் வந்த முடிவு: இறப்பு குறையவில்லை. அதோடு வயிற்றுக் காசநோய், கல்லீரல் நோய் போன்றவற்றிலும் அந்த அளவு ஏறும். தொந்தரவு இல்லாதவர்கள் ஹெல்த் செக்கப் தொகுப்பில் இதைச் சேர்த்துப் பணம் கட்டத் தேவையில்லை. தாய்க்கோ சகோதரிக்கோ மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டோம், இனி கவலை இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. பலருக்குச் சினைப்பை உள்ளேயே இருக்கிறது. அவர்களுக்கும் ரத்தம் பட்டால் பார்க்கத்தான் வேண்டும். ஆறாத அரிப்பு, வெளிப்புறத்தில் நிறம் மாறிய தடிப்பு, துர்நாற்றத்தோடு நீர் வடிவது ஆகியவையும் காட்ட வேண்டியவையே.

வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் அவர்கள் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். மகளோ மருமகளோதான் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்: “தூரம் நின்னப்புறம் எப்பவாவது பட்டுச்சாம்மா?” ஆமாம் என்றால் கடைசி மாதவிடாய் எந்த வயதில் நின்றது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், நீங்களும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருக்கலாம்.